நடுக்குவாத நோயாளிகளுக்கான கைப்பேசி நலச் செயலிகளின் பயன்பாட்டெளிமை: தொடுதிரையும் தமிழ் உள்ளீடும்

ஆய்வுச்சுருக்கம்

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயுடையோர் தம் நோய்நிலையைத் தாமே பதிவு செய்வதற்கும் மருந்து வேளைகளைத் தவறாது பின்பற்றுவதற்கும் கைப்பேசிச் செயலிகள் பல உருவாக்கப்பட்டுள்ளன. பிற நோய்களுக்கான செயலிகளில் இல்லாத ஒரு சிக்கல் இவற்றில் உண்டு. இங்கு நோயை அளக்க உதவும் விரலும் செயலியை இயக்க வேண்டிய விரலும் ஒன்றே. ஒரு திரையில் நோய்க்குறியாகப் பதிவாகும் தடுமாற்றம் அடுத்த திரையில் பிழையாகிப் பயனரை வெளியேற்றிவிடுகிறது. இவ்வடிப்படையில், வெளியாகியுள்ள ஆய்வுகளையும் வடிவமைப்பு நெறிகளையும் முன்வைத்து இச்செயலிகளின் பயன்பாட்டெளிமையை விளக்குவதும், தமிழ் உள்ளீட்டு முறைகளால் இச்சிக்கல் எவ்வாறு வேறுபடுகிறது என்பதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

திறவுச்சொற்கள்: நடுக்குவாதம், பயன்பாட்டெளிமை, கைப்பேசிச் செயலி, தொடுதிரை, இயக்க மந்தம், தமிழ்99, எம்பவர்.

முன்னுரை

1817ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதம் பற்றிய தம் சிறுநூலை வெளியிட்டார். அதில் அவர் விவரித்த நோயாளிகள் அறுவர். அவர்களுள் சிலரை அவர் தம் மருத்துவமனையில் சோதித்தவரல்லர். தெருவில் நடந்து செல்லக் கண்டு குறித்துக்கொண்டவர். முன்னோக்கிச் சாய்ந்த உடலும் விரைந்து குறுகும் நடையும் ஓய்வில் நடுங்கும் கையும் அன்றாட வாழ்வினூடே அவர் கண்ணில் பட்டன. பிற்காலத்தில் இந்நோயை மதிப்பிடும் இடம் மருத்துவமனைக்குள் சென்றது. மருத்துவர் சில மாதங்களுக்கு ஒருமுறை, சில நிமிடங்கள் நோயாளியைக் காண்கிறார். விரல்களைத் தட்டச் சொல்கிறார், எழுந்து நடக்கச் சொல்கிறார், ஒவ்வொன்றிற்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இடுகிறார். 2008இல் திருத்தி வெளியிடப்பட்ட ஒருங்கிணைந்த பார்க்கின்சன் நோய் அளவுகோல் இம்முறையிலேயே அமைந்துள்ளது. இரு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட நாள்களில் நிகழ்வன எல்லாம் நோயாளியின் நினைவையே சார்ந்துள்ளன.

இவ்விடைவெளியை நிரப்பவல்ல கருவியாகத் திறன்பேசி கருதப்படுகிறது. முடுக்கமானி, சுழல்மானி, ஒலிவாங்கி, தொடுதிரை ஆகிய நான்கும் ஒரே கருவியில் அமைந்து, அக்கருவி நாள் முழுதும் நோயாளியின் அருகிலேயே இருக்கிறது. தேவையும் பெருகி வருகிறது. உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வின்படி 1990இல் ஏறத்தாழ 25 இலட்சமாக இருந்த நடுக்குவாத நோயாளிகளின் எண்ணிக்கை 2016இல் 61 இலட்சமாக உயர்ந்தது. 2019ஆம் ஆண்டிற்கான உலக நல நிறுவனத்தின் மதிப்பீடு 85 இலட்சத்தைக் கடக்கிறது. நரம்பியல் மருத்துவர்கள் பெருநகரங்களில் குவிந்துள்ள நாடுகளில் தொலைவிலிருந்தே நோயைக் கண்காணிக்கும் வழி எத்துணைத் தேவையானது என்பதைத் தனியே வலியுறுத்த வேண்டுவதில்லை.

ஆயினும் இச்செயலிகளைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி ‘செயலி எதனை அளக்கிறது’ என்பதையே பேசுகிறது. ‘நோயாளியால் அதனைத் திறக்க முடிகிறதா’ என்னும் வினா பின்தள்ளப்படுகிறது. அப்பின்தள்ளல் அளவீட்டையே பழுதாக்குகிறது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

பயன்பாட்டெளிமையும் மாறும் பயனரும்

பயன்பாட்டெளிமைக்குப் பன்னாட்டுத் தரப்படுத்தல் அமைப்பின் 9241-11ஆம் தரம் (1998, திருத்தம் 2018) தரும் வரையறையே இன்றும் பரவலாக எடுத்தாளப்படுகிறது. குறிப்பிட்ட பயனர்கள், குறிப்பிட்ட நோக்கங்களை, குறிப்பிட்ட சூழலில் எய்தும்போது அவர்கள் பெறும் விளைபயன், வினைத்திறன், மனநிறைவு ஆகியவற்றின் அளவே பயன்பாட்டெளிமை என்பது அதன் சாரம். இவ்வரையறையை வாசிக்கும்போது, ‘குறிப்பிட்ட பயனர்’ காலையிலும் மாலையிலும் ஒருவரே என்று நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். நடுக்குவாதத்தில் இது பொருந்துவதில்லை.

மூளையின் கருநிறப்பகுதியில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதே இந்நோயின் அடிப்படை. டோபமைனாக மாறவல்ல லெவோடோபா என்னும் மருந்து 1960களில் வழக்கிற்கு வந்து, இன்றுவரை முதன்மை மருந்தாக நீடிக்கிறது. (பூனைக்காலி விதையில் இம்மருந்துப்பொருள் உள்ளதைத் தாமோதரன், இராமசாமி என்னும் ஆய்வாளர்கள் 1937இலேயே பிரித்தெடுத்துக் காட்டினர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.) நோய் முற்றும்போது ஒவ்வொரு வேளை மருந்தின் பயனும் குறுகிய காலமே நீடிக்கிறது. மருந்து வேலை செய்யும் நேரத்தை ‘ஆன்’ நிலை என்றும் அதன் பயன் தேய்ந்த நேரத்தை ‘ஆஃப்’ நிலை என்றும் மருத்துவரும் நோயாளியரும் வழங்குவர். ‘ஆன்’ நிலையில் பொத்தானிட்டுச் சட்டை அணிபவர் ‘ஆஃப்’ நிலையில் நாற்காலியை விட்டு எழ இயலாதிருக்கலாம். மருந்தின் உச்சநேரத்தில் தன்னிச்சையான மிகை அசைவுகளும் சிலருக்குத் தோன்றும். எனவே ஒரே நாளில் ஒரே செயலியை, உடலியக்கத்தால் வேறுபட்ட இரண்டு மூன்று பயனர்கள் பயன்படுத்துகின்றனர் என்று கொள்வதே பொருத்தம்.

இதன் விளைவு கடுமையானது. ஒரு நாட்குறிப்புச் செயலி ‘இப்போது உங்கள் நிலை என்ன’ என்று இரண்டு மணிநேரத்திற்கு ஒருமுறை கேட்பதாகக் கொள்வோம். ‘ஆன்’ நிலையில் நோயாளி விடையளிப்பார். ‘ஆஃப்’ நிலையில் அவரால் திரைப்பூட்டைத் திறப்பதே அரிது. அவ்வேளை வெற்றிடமாக நின்றுவிடும். மாத இறுதியில் மருத்துவர் காணும் வரைபடத்தில் ‘ஆன்’ நிலைகள் மிகுந்தும் ‘ஆஃப்’ நிலைகள் குறைந்தும் தோன்றும். அதனை நம்பி மருந்தளவை மாற்றாது விடுவதும் நிகழலாம். புள்ளியியலார் இதனைத் தற்செயலல்லாத தரவிழப்பு என்பர். இங்கு அவ்விழப்பை உண்டாக்குவது நோய் மட்டுமன்று. நோயின் முன் தோற்கும் இடைமுகமும் ஆகும்.

விரலும் திரையும்

நடுக்குவாதம் என்றதும் வடிவமைப்பாளர் மனத்தில் எழுவது நடுங்கும் கை. தமிழ்ப்பெயரும் அவ்வெண்ணத்தையே வலுப்படுத்துகிறது. ஆனால் இந்நோய்க்குரிய நடுக்கம் பெரும்பாலும் ஓய்வுநிலை நடுக்கம். நொடிக்கு 4 முதல் 6 முறை நிகழும் அந்நடுக்கம், கை ஒரு செயலில் ஈடுபடும்போது பொதுவாகத் தணிகிறது. திரையைத் தொடும் கணத்தில் பெரிதும் இடர்ப்படுத்துவது இயக்க மந்தமே. விரல் மெல்லச் செல்கிறது. சென்றபின் மெல்ல எழுகிறது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது அதன் வீச்சு படிப்படியாகச் சுருங்குகிறது. கையெழுத்து வரவரச் சிறுத்துப் போவதும் இதனாலேயே.

மெல்ல எழும் விரலுக்குத் தொடுதிரை இரக்கம் காட்டுவதில்லை. திரையில் ஏறத்தாழ அரை நொடி விரல் நின்றாலே பெரும்பாலான கைப்பேசிகள் அதனை ‘நீள் அழுத்தம்’ எனக் கொண்டு வேறொரு பட்டியலைத் திறந்துவிடுகின்றன. பயனர் நினைத்தது ஒரு தட்டல். கருவி புரிந்துகொண்டது மற்றொன்று. தாம் எங்குத் தவறினோம் என்பதும் அவருக்கு விளங்குவதில்லை. மறுபுறம், கைப்பேசியைத் தாங்கியிருக்கும் மற்றொரு கையை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நிலையில் கையை நிறுத்திவைத்த சில நொடிகளுக்குப் பின் நடுக்கம் மீண்டும் எழும் இயல்பு இந்நோயில் உண்டு. தொடும் விரல் அமைதியாக இருக்க, தொடப்படும் திரை அசைந்துகொண்டிருக்கும்.

இத்துறையில் போர்ச்சுகலைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ நூனெஸும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. நலப்பணியாளர் எண்மருடன் நேர்காணல், நோயாளிகளை உற்றுநோக்கல், 39 நோயாளிகளுடன் செய்முறைச் சோதனை ஆகியவற்றின் அடிப்படையில் அவர்கள் 12 வடிவமைப்பு நெறிகளை வகுத்தனர். தட்டல், தள்ளல், பன்முறைத் தட்டல், இழுத்தல் என்னும் நான்கு தொடுகைகள் சோதிக்கப்பட்டன. தொடுமிடம் ஒவ்வொன்றும் பக்கத்திற்கு 14 மி.மீ. அளவேனும் இருத்தல் வேண்டும். திரையைத் தள்ளும் செயலுக்குக் குறைந்தபட்ச வேகம் என்னும் நிபந்தனை கூடாது. இழுத்தலைத் தவிர்த்துப் பன்முறைத் தட்டலைக் கையாளலாம். குறித்த நேரத்திற்குள் செய்து முடிக்க வேண்டும் என்னும் அமைப்புகளை விலக்க வேண்டும் என்பன அந்நெறிகளுள் சில.

இழுத்தலினும் பன்முறைத் தட்டல் மேல் என்பது முதல் நோக்கில் வியப்பளிக்கலாம். ஒரு எண்ணை 10இலிருந்து 15ஆக உயர்த்த ஒரே இழுப்பு போதும். தட்டுவதாயின் ஐந்துமுறை தட்ட வேண்டும். ஆனால் இழுத்தலில் தொடக்கம் முதல் இறுதி வரை விரல் திரையை விட்டு அகலாதிருக்க வேண்டும். நடுவில் ஒருமுறை எழுந்தாலும் முழு முயற்சியும் வீண். ஐந்து தட்டல்களில் ஒன்று தவறினால் அவ்வொன்றை மட்டும் திருத்தினால் போதும். பிழையின் விலை குறைவு என்பதே தட்டலின் மேன்மை. செயல் எத்துணை விரைவாக முடிகிறது என்பதினும் தவறிய செயலை எத்துணை எளிதாக மீட்கலாம் என்பதே இப்பயனர்களுக்கு முதன்மையான அளவுகோலாக அமைய வேண்டும் என்று கருத இடமுள்ளது.

14 மி.மீ. என்னும் அளவை நடைமுறை நெறிகளுடன் ஒப்பிடலாம். ஆண்ட்ராய்டு செயலிகளுக்குக் கூகுள் பரிந்துரைக்கும் தொடுமிட அளவு ஏறத்தாழ 9 மி.மீ. ஆகும். பரப்பளவில் நோக்கின் 14 மி.மீ. சதுரம் இதனைப் போல் ஏறத்தாழ 2.4 மடங்கு பெரியது. 2023 அக்டோபரில் வெளியான இணைய உள்ளடக்க அணுகுதன்மை வழிகாட்டியின் 2.2ஆம் பதிப்பு, இழுத்தலால் செய்யத்தக்க ஒவ்வொன்றையும் இழுக்காமலும் செய்ய வழியிருத்தல் வேண்டும் என்பதைப் புதிய நெறியாகச் சேர்த்தது வரவேற்கத்தக்கது. ஆனால் அதே பதிப்பு இடைநிலைத் தகுதிக்குக் கேட்கும் குறைந்தபட்சத் தொடுமிட அளவு 24 படப்புள்ளிகளே. ஆகவே பொது அணுகுதன்மைச் சான்று பெற்ற ஒரு செயலி நடுக்குவாத நோயாளிக்குப் பொருந்தாததாகவே இருத்தல் கூடும்.

இயக்கம் சாராத குறைகளும் உண்டு. ஒளிமாறுபாட்டை உணரும் திறன் இந்நோயில் குறைவதால் வெளிர்சாம்பல் எழுத்துகள் மறைந்துபோகின்றன. திட்டமிட்டு அடுத்தடுத்துச் செய்யும் ஆற்றல் தளர்வதால், குறுஞ்செய்தியில் வந்த ஆறிலக்கக் கடவுச்சொல்லை நினைவில் வைத்து மற்றொரு செயலிக்குத் தாவி, காலக்கெடு முடியுமுன் இடுவது பெரும் சோதனையாகிறது. இந்தியச் சூழலில் 14 இலக்கங்கள் கொண்ட ஆபா நல அடையாள எண்ணையும் இதனோடு சேர்த்து எண்ணிக்கொள்ளலாம்.

எம்பவர் செயலி தரும் படிப்பினை

2015 மார்ச்சில் அமெரிக்காவின் சேஜ் பயோநெட்வொர்க்ஸ் நிறுவனம் எம்பவர் என்னும் ஆய்வுச் செயலியை வெளியிட்டது. ஆப்பிள் நிறுவனம் அறிமுகப்படுத்திய ரிசர்ச்கிட் தளத்தில் முதலில் வந்த செயலிகளுள் அதுவும் ஒன்று. ஐபோனில் மட்டுமே இயங்கியது. அதில் நான்கு செயல்கள் இருந்தன. அடுத்தடுத்துள்ள இரு பொத்தான்களை இரு விரல்களால் 20 நொடிகள் மாறிமாறித் தட்டுவது ஒன்று. ‘ஆ’ என்னும் ஒலியை 10 நொடிகள் நீட்டி ஒலிப்பது மற்றொன்று. 20 அடி எடுத்து வைத்து நேராக நடந்து, திரும்பி வருவது மூன்றாவது. நினைவாற்றலுக்கான விளையாட்டு நான்காவது. மருந்து உட்கொள்வதற்கு முன், உட்கொண்டபின், பிறிதொரு நேரம் என நாளொன்றுக்கு மூன்று வேளை இவற்றைச் செய்யலாம். ‘ஆன்’, ‘ஆஃப்’ நிலைகளைக் கருத்திற்கொண்ட இந்த ஏற்பாடு பாராட்டத்தக்கது.

தம் தரவுகளை உலக ஆய்வாளர்கள் அனைவருடனும் பகிர 9,520 பேர் இசைந்தனர். ஒரு மருத்துவமனை ஆண்டுக்கணக்கில் முயன்றும் எட்ட முடியாத எண்ணிக்கை இது. ஆனால் சேர்ந்தவர் பலர் விரைவிலேயே விலகினர். எம்பவர் உள்ளிட்ட எட்டு கைப்பேசி ஆய்வுகளில் பங்கேற்ற ஓரிலட்சத்திற்கும் மேற்பட்டோரின் தரவுகளைப் பிரதாப் முதலியோர் ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட கட்டுரை, பங்கேற்பாளர்கள் நிலைத்திருந்த காலத்தின் இடைநிலை அளவு 5.5 நாள்களே எனக் காட்டியது. மருத்துவர் பரிந்துரைத்துச் சேர்ந்தவர்களும், ஆய்வுக்குரிய நோயை உடையவர்களும், வயதில் மூத்தவர்களும் பிறரைவிட நீண்டநாள் நிலைத்தனர் என்பதும் அக்கட்டுரையின் முடிவுகளுள் அடங்கும். இதிலிருந்து பெறத்தக்க ஒரு கருத்து: ‘முதியோர் தொழில்நுட்பத்தை விரும்புவதில்லை’ என்னும் பொதுக்கூற்று இங்கு எடுபடவில்லை. பயனை உணர்ந்தவர் தொடர்கின்றனர். தொடர விரும்பியும் விரல் ஒத்துழையாமல் விலகியவர் எத்தனை பேர் என்பதை விலகிய நாளைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. விலகலின் காரணத்தைப் பதிவு செய்யும் வழியைச் செயலியிலேயே அமைப்பது பயன்பாட்டெளிமை ஆய்வின் பணியாகும்.

தட்டல் சோதனையை மீண்டும் நோக்குவோம். அங்கு விரல் தடுமாறுவது பயன்தரும் தகவல். பொத்தானைப் பெரிதாக்கித் தடுமாற்றத்தை மறைத்தால் சோதனையே பொருளிழக்கும். ஆனால் அச்சோதனையைச் சென்றடைய இசைவுப்படிவம், மின்னஞ்சல், கடவுச்சொல் எனப் பல திரைகளைக் கடக்க வேண்டும். அத்திரைகளில் அதே தடுமாற்றம் தடையாகிறது. ஆக ஒரே செயலிக்குள் இருவகை வடிவமைப்பு நெறிகள் தேவைப்படுகின்றன. அளக்கும் திரை நோயை வெளிப்படுத்த வேண்டும். மற்றெல்லாத் திரைகளும் நோய்க்கு இடங்கொடுத்துச் செல்ல வேண்டும். இவ்வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்துரைக்காது ‘எளிய இடைமுகம்’ எனப் பொதுவாகப் பேசுவதால் பயனில்லை.

நடைச் சோதனையில் பண்பாடு சார்ந்த ஒரு நுட்பமும் உண்டு. கைப்பேசியைச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொண்டு நடக்குமாறு இவ்வகைச் சோதனைகள் கூறும். சேலை உடுத்தும் மூதாட்டிக்குச் சட்டைப்பை ஏது? கைப்பையில் இட்டால் பையின் ஊசலாட்டமும் சேர்ந்தே பதிவாகும். இடுப்பில் கட்டும் பட்டை ஒன்றைத் தருவதா, கையில் ஏந்தி நடக்கச் செய்வதா என்பதை முடிவு செய்தபின்னரே இந்தியப் பெண்களின் நடைத்தரவை அமெரிக்கத் தரவுடன் ஒப்பிட முடியும்.

தமிழ் உள்ளீட்டின் சிக்கல்

மேற்கண்ட ஆய்வுகள் உரோமன் எழுத்துச் சூழலில் நிகழ்ந்தவை. தமிழில் அறிகுறிகளை எழுத நோயாளி முற்படும்போது என்ன நேரும் என்பது தனித்து நோக்கத்தக்கது.

தமிழ்99 விசைப்பலகையில் உயிர் 12, மெய்க்கு உரியவை 18, ஆய்தம் 1 என 31 எழுத்து விசைகள் உள்ளன. அதன் அடிப்படை அமைப்பில் மேல்வரிசையில் மட்டும் 12 விசைகள். ஏறத்தாழ 68 மி.மீ. அகலமுள்ள திரையில் இவ்வரிசையை அப்படியே இட்டால் ஒரு விசையின் அகலம் 5.7 மி.மீ. ஆகும். 10 விசைகள் கொண்ட ஆங்கில மேல்வரிசையில் இது 6.8 மி.மீ. நூனெஸ் குழுவினர் கூறும் 14 மி.மீ. அளவில் அமைத்தால் அதே திரையில் ஒரு வரிசைக்கு நான்கு விசைகளே கொள்ளும். ஆங்கில எழுத்துகளை ஒலிப்பு முறையில் தட்டித் தமிழ் பெறும் அஞ்சல் முறையில் விசைகள் சற்றே அகலமானவை. ஆனால் தட்டல்கள் மிகுதி. ‘மருந்து’ என்னும் சொல்லுக்குத் தமிழ்99இல் 6 தட்டல்களும் அஞ்சலில் 8 தட்டல்களும் தேவை. இலக்கு சிறுத்தால் குறிதவறும். தட்டல் பெருகினால் வீச்சு சுருங்கும் விரல் களைக்கும். இரண்டுள் எது இந்நோயாளிக்கு ஏற்றது என்பதைச் சோதித்தே அறிய வேண்டும்.

தமிழ்99இன் சிறப்பு அதன் தன்னியல்புப் புள்ளி. ஒரே மெய்விசையை இருமுறை தட்டினால் முதலாவது தானே புள்ளி பெற்று ‘க்க’, ‘ட்ட’ என இரட்டித்து நிற்கும். இயல்பான விரலுக்கு இது பெரும் வசதி. நடுங்கும் விரலுக்கு இதுவே வலையாகிறது. விரல் தவறுதலாக இருமுறை பட்டால் ‘எடு’ என்பது ‘எட்டு’ ஆகும். ‘பாடு’ என்பது ‘பாட்டு’ ஆகும். ‘படி’ என்பது ‘பட்டி’ ஆகும். இவை எல்லாம் தமிழில் பொருளுடைய சொற்கள். எழுத்துப்பிழை திருத்தி இவற்றில் குறை காணாது. உயிர்விசை இருமுறை பட்டால் ‘எடுஉ’ என்பதுபோல் வழக்கில் இல்லாத வடிவம் தோன்றும். அதனைக் கருவி எளிதில் கண்டு நீக்கலாம். ஆகவே தமிழில், உயிர்விசையின் மிகைத்தட்டல் கண்டறியத்தக்க பிழை. மெய்விசையின் மிகைத்தட்டல் மறைந்து நிற்கும் பிழை. ஒற்றை, இரட்டை வல்லினங்கள் பொருள் வேறுபடுத்தும் மொழியில் இது இயல்பாக விளையும் இடர். ஆங்கிலத்தை மட்டும் முன்னிறுத்திய வடிவமைப்பு நெறிகளில் இதனை எதிர்பார்க்க முடியாது.

ஐபோனில் ‘தொடுகை இசைவுகள்’ என்னும் அமைப்பில், குறித்த நேரத்திற்குள் மீண்டும் விழும் தொடுகைகளைப் புறக்கணிக்கச் செய்யும் வசதி உள்ளது. அதனை இயக்கினால் தவறான இரட்டிப்பு நீங்கும். விரும்பிய இரட்டிப்பும் உடன் தடைப்படும். நொடிக்கு 4 முதல் 6 முறை நிகழும் நடுக்கத்தில் இரு அசைவுகளுக்கு இடைப்பட்ட நேரம் ஏறத்தாழ 170 முதல் 250 மில்லிநொடி. வேண்டுமென்றே ஒரே விசையை இருமுறை தட்டும்போதும் இடைவெளி இவ்வெல்லைக்குள் விழலாம். எனவே அனைவர்க்கும் பொதுவான ஒரு கால எல்லையை வகுத்தல் இயலாது. ஒவ்வொருவரின் தட்டல் இயல்பையும் ‘ஆன்’, ‘ஆஃப்’ நிலைகளில் தனித்தனியே கற்றுக்கொள்ளும் விசைப்பலகை தேவை. ஐயத்திற்குரிய இடங்களில் ‘எடு’, ‘எட்டு’ இரண்டையும் பெரிய எழுத்தில் காட்டித் தேர்ந்தெடுக்கச் செய்வது உடனடியாகச் செய்யத்தக்க எளிய தீர்வாகும்.

விசைத்தட்டலைக் கொண்டே நோயைக் கண்டறிய முயலும் ஆய்வுகளுக்கும் இதில் தொடர்பு உண்டு. 2016இல் வெளியான நியூரோகுவெர்ட்டி ஆய்வு, இயல்பாகத் தட்டச்சு செய்யும்போது ஒவ்வொரு விசையும் அழுத்தப்பட்டிருக்கும் கால அளவை நோய்க்குறியாகக் கொண்டது. தனிவிசையின் அழுத்தநேரம் மொழியைச் சாராதிருக்கலாம். ஆனால் ஒரு விசையிலிருந்து அடுத்த விசைக்குச் செல்லும் நேரம் விசையமைப்பையும் சொல்லமைப்பையும் சார்ந்தது. தமிழ்த் தட்டச்சிலிருந்து இத்தகைய அளவீட்டைப் பெற விரும்புவோர் உள்ளீட்டு முறையையும் உடன் பதிவு செய்தல் இன்றியமையாதது.

எழுத்தையே தவிர்க்க முடிந்த இடங்களில் தவிர்ப்பதே நன்று. இந்தியாவில் பரவலாக வழங்கும் சின்டோபா மாத்திரை 110, 125, 275 எனப் பல அளவுகளில் கிடைக்கிறது. இவற்றைத் தட்டி எழுதச் செய்வதோ சக்கரம்போல் உருளும் பட்டியலில் தேடச் செய்வதோ பிழைக்கு வாயிலாகும். நோயாளியின் மருந்துச்சீட்டில் உள்ளவற்றை மட்டும் மாத்திரைப் படத்துடன் இரண்டு அல்லது மூன்று பெரிய பொத்தான்களாகக் காட்டினால் ஒரே தட்டலில் பதிவு முடியும்.

குரல்வழி உள்ளீடு

தட்ட இயலாதவர் பேசலாமே என்பது பலரும் கூறும் மாற்று. இந்நோயில் குரலும் தாழ்கிறது. ஏற்ற இறக்கம் குன்றி, ஒலிப்பு மழுங்குகிறது. தாம் உரக்கப் பேசுவதாகவே நோயாளி உணர்வார், எதிரிலிருப்பவர்க்குக் கேட்காது. வல்லினத்திற்கு வேண்டிய வாயடைப்பு முழுமை பெறாமல் உரசொலியாக நெகிழ்வதும் பதிவாகியுள்ளது. தமிழில் சொல்லிடை ஒற்றை வல்லினம் இயல்பிலேயே நெகிழ்ந்து ஒலிப்பது. இரட்டை வல்லினம் அடைப்பின் கால அளவால் வேறுபடுவது. அடைப்பு குறையும் நோயாளியின் பேச்சில் ‘பாட்டு’ என்பது ‘பாடு’ எனக் கருவிக்குக் கேட்குமா என்பது தமிழ் ஒலியியலாரும் கணினியியலாரும் இணைந்து ஆராயத்தக்க வினா. விசைப்பலகையில் ஒற்றை இரட்டையாக, குரலில் இரட்டை ஒற்றையாகக் கூடுமெனின் இவ்விரு வழிகளையும் ஒன்றையொன்று சரிபார்க்கும் வகையில் அமைப்பதற்கும் இடமுண்டு.

மதிப்பீட்டுக் கருவிகள்

ஜான் புரூக் 1986இல் உருவாக்கி 1996இல் வெளியிட்ட பயன்பாட்டெளிமை அளவுகோல் 10 கூற்றுகளைக் கொண்டது. 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும் அதில் சராசரி 68 எனக் கொள்ளப்படுகிறது. 2015இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட கைப்பேசிச் செயலித் தர அளவுகோல் 23 கூறுகள் கொண்டது. அது வல்லுநர் செயலியை ஆராய்ந்து மதிப்பெண் இடும் முறை. நடுங்காத விரலையுடைய வல்லுநர் தரும் உயர்மதிப்பெண் நோயாளியின் அனுபவத்தை உணர்த்தாது என்பது வெளிப்படை.

புரூக்கின் அளவுகோலில் கூற்றுகள் ஒன்றுவிட்டு ஒன்று எதிர்மறையாக அமைந்துள்ளன. ‘இச்செயலி தேவையின்றிச் சிக்கலாக உள்ளது’ என்பதற்கு ‘உடன்படவில்லை’ என விடையளித்துப் பாராட்டைத் தெரிவிக்க வேண்டும். சிந்தனை வேகம் தளர்ந்த முதியவருக்குத் தமிழில் இதனை வாசித்துக் காட்டும்போது இரட்டை எதிர்மறை குழப்பம் தரும். மொழிபெயர்ப்பின் செம்மையை மட்டுமன்றி, கூற்றுகள் புரிந்துகொள்ளப்படும் விதத்தையும் முன்கூட்டிச் சோதித்தல் வேண்டும். அதனினும் முதன்மையானது, சோதனை நிகழும் நேரம். நோயாளிகள் ஆய்வுக்கூடத்திற்கு வருவது மருந்து வேலை செய்யும் நேரத்தில்தான். வரமுடிகிற நேரமும் அதுவே. அப்போது பெற்ற மதிப்பெண் செயலியின் மதிப்பெண்ணா, மருந்தின் மதிப்பெண்ணா என்னும் ஐயம் எழுகிறது. கடைசி வேளை மருந்து உட்கொண்டு எத்துணை நேரமாயிற்று, ஹோன்–யார் அளவுகோலில் நோயின் படிநிலை யாது, முதன்மைக் கையில் நோய் மிகுதியா என்பனவற்றைக் குறிப்பிடாத பயன்பாட்டெளிமை மதிப்பெண்ணை ஒப்பீட்டிற்குக் கொள்ளுதல் அரிது.

உதவுநரின் விரல்

நம் குடும்பச் சூழலில் முதியவரின் கைப்பேசியை மகனோ மகளோ பேரப்பிள்ளையோ இயக்கித் தருவது இயல்பு. தனித்தியங்கும் பயனரை மனத்திற்கொண்டு எழுந்த பன்னாட்டு வரையறைகளில் இவ்வுதவுநருக்கு இடம் இல்லை. உதவுநர் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டால் தட்டல் சோதனையின் அளவு மாறும். அவர் நாட்குறிப்பை நிரப்பினால் ‘நோயாளி எப்படி உணர்கிறார்’ என்பதன் இடத்தில் ‘நோயாளி எப்படித் தோன்றுகிறார்’ என்பது பதிவாகும். மனச்சோர்வு, மலச்சிக்கல், கனவில் கத்துதல் முதலிய அறிகுறிகளை மருமகளிடம் சொல்லி நிரப்பச் செய்ய நாணி, ‘ஒன்றுமில்லை’ எனக் கூறிவிடுவாரும் உளர் எனக் கருத இடமுண்டு. ஒவ்வொரு பதிவின் முடிவிலும் அதனை நிரப்பியவர் நோயாளியா உதவுநரா என்பதை ஒரே தட்டலில் குறிக்கும் ஏற்பாடும், உதவுநர் காணாதவாறு நோயாளி மட்டும் விடையளிக்கத்தக்க சில வினாக்களும் செயலியில் அமைதல் வேண்டும். பின்னவற்றுக்கு எழுத்துக் கடவுச்சொல்லைக் காட்டிலும் விரல்ரேகையோ முக அடையாளமோ பொருந்தும். இந்நோயில் முகபாவம் உறைந்துபோவதும் உண்டு என்பதால் அவ்வழியும் ‘ஆஃப்’ நிலையில் தனியே சோதிக்கப்பட வேண்டியதாகிறது.